எதிரிக்காகக் குறைத்த கிண்ணம்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை, சிவரூபி அக்கா கொடுத்தது. துபாயின் சத்வா பகுதியில் என் அறைக்குக் கீழே இருக்கும் தையல்கடைக்குச் சட்டை வாங்க வந்தவர், "எழுதிறனீங்கள் எண்டு சொல்லிச்சினம். இதை எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக் காட்டப்படாது" என்றார். அந்த நிபந்தனைதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தில் அந்தி சாய்ந்தபோது, யூதர்களின் பெருநாள்…" (வேண்டாம். துபாய்க் கதை என்றாலே பாலைவனம் வந்து தொலைய வேண்டுமா?)

நேராகவே சொல்கிறேன். எலியேசர் என்ற யூதர் வீட்டில் சிவரூபி வேலை பார்க்கிறாள். சமையல் குசுமா, சிங்களத்தி. இருவருக்கும் ஒரே ரூம். இலங்கைப் போரின் கடைசியில் சிவரூபியின் மகனை ஆர்மி பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை. குசுமாவின் தம்பி அதே ஆர்மியில் இருந்தவன். அதனால் டூட்டிப் பேச்சைத் தவிர சிவரூபி அவளிடம் வாய் திறப்பதில்லை. பெருநாள் வாரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது, தம்பி நோயில் செத்துப்போனான் என்று. குசுமா அழுதாள். சிவரூபிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

(கடைசி வரியை அடித்துவிட்டேன். அக்காவிடம் வாசித்துக் காட்டியபோது, "அது கிடக்கட்டும்" என்றார். கிடக்கிறது.)

3

பெருநாள் விருந்து. முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய கதையை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தார்கள். எகிப்தியர் மேல் கடவுள் ஏவிய ஒவ்வொரு வாதையின் பெயருக்கும் எலியேசர் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, திராட்சைச் சாற்றில் ஒரு சொட்டைத் தட்டில் விட்டார். ஐயோ, குறைகிறதே என்று சிவரூபி ஓடிப்போய்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் செத்துப்போனது.

எலியேசர் சிரிக்கவில்லை.* "குறையத்தான் வேண்டும், சிவரூபி. அவர்கள் எங்களை வதைத்தவர்கள். ஆனாலும் அவர்கள் செத்ததைச் சொல்லும்போது நாங்கள் நிறைகிண்ணம் குடிப்பதில்லை. எங்களைத் துரத்தி வந்து அவர்கள் கடலில் மூழ்கியபோது வானவர்கள் பாட வந்தார்களாம். என் கைப்படைப்பு மூழ்குகிறது, உங்களுக்குப் பாட்டா என்று கடவுள் அதட்டினாராம்."

எலியேசரின் மகள் பஸ்ஸில் வெடித்த குண்டில் செத்தவள். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"உங்கட பிள்ளையைக் கொன்றவனுக்காகவும் குறைப்பீங்களோ, சேர்?" என்றாள் சிவரூபி.

எலியேசர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவனைத் தடுத்திருக்க வேண்டும். உயிரைக் காக்கக் கை ஓங்குவதை எங்கள் வேதம் மறுக்கவில்லை. கடவுள் பேரைச் சொல்லி அப்பாவிகளைக் கொன்றவன் அந்தப் பேரையே அசிங்கப்படுத்தியவன். ஆனால் அவன் செத்த செய்தி வந்த அன்று கொண்டாட ஆசைப்பட்டேன், அதுதான் உண்மை. அதனால்தான் வருடா வருடம் விரலைத் தோய்க்கிறேன்."

* அவர் பேசியது இங்கிலீஷ். அக்கா எனக்குச் சொன்னது யாழ்ப்பாணத்துத் தமிழ். நடுவில் எது சிந்தியதோ, அது என் கணக்கு.

4

முடிவு அ: இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். (சினிமா.)

முடிவு ஆ: சிவரூபி எல்லாவற்றையும் மன்னித்து… (போனது அக்காவின் மகன். மன்னிக்க நான் யார்?)

நடந்தது இவ்வளவுதான். சிவரூபி சமையலறைக்குப் போனாள். குசுமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதைச் சிவரூபி வாங்கித் துடைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிக்கு என்ன பேர், குசுமா?" என்றாள். ஒரே ரூமில் இத்தனை வருடம் படுத்து எழும்பியும் அவள் கேட்டதே இல்லை.

குசுமா குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்: "__________."

அக்கா அந்தப் பெயரை எனக்கும் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. கோடு உங்களுக்கு. ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்று நீங்களும் ஒருவரை வைத்திருப்பீர்கள். அவர் வீட்டிலும் யாராவது செத்திருப்பார்கள். போய்ப் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.