அமாவாசைக் கையெழுத்து

ஆரணியில் தறி போடுகிற வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. அமாவாசைதான் விடுமுறை. ரேஷன் ஆபீசுக்குப் போவது, ஆடுகிற பல்லைப் பிடுங்கிக்கொள்வது, சொந்தக்காரர் சண்டையைத் தீர்த்து வைப்பது எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாட்களில் தறிக்குழியில் காலை விட்டால் விட்டதுதான். உலகமே அமாவாசை வரைக்கும் காத்திருக்கும் என்று நம்புகிற ஜனங்கள். அதில் பச்சையப்பன் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறவர்.

அவருக்கு ஒரே பெண், உண்ணாமலை. தாயில்லாத பெண். அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படித்தாள். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுத்தான் படிப்பாள். கேட்டுக் கேட்டுப் பானிபட்டில் எத்தனை சண்டை நடந்தது என்பது பச்சையப்பனுக்கே மனப்பாடம். வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, அவள் படிப்பதைக் கேட்டுக்கொண்டே நெய்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தப் பெண் ஒரு வியாழக்கிழமை வந்து, "நைனா, பெரிய பரீட்சைக்குப் பேரு அனுப்பறாங்க. நீ ஸ்கூலுக்கு வந்து டீச்சர் முன்னால கையெழுத்து போடணும். நாளைக்குள்ள" என்றாள். போன வருஷம் இரண்டு பையன்கள் தங்கள் அப்பன் கையெழுத்தைத் தாங்களே போட்டு மாட்டிக்கொண்டதிலிருந்து இப்படி ஒரு கெடுபிடி.

"திங்கக்கெழம அமாவாச. வர்றேன்னு சொல்லு" என்றார் பச்சையப்பன்.

"நாளைக்குத்தான் கடைசி நாளு நைனா."

"முகூர்த்தப் புடவ தறியில இருக்குதும்மா. மூணு நாள்ல இன்னா முழுகிடப் போவுது?"

உண்ணாமலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உண்ணாமலை தண்ணீருக்குப் போயிருந்தாள். பச்சையப்பனுக்குச் சரிகையில் ஓர் இழை அறுந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிபோடும் நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. "ஒரு கையெழுத்து வேணுங்க" என்றது ஒரு பெண் குரல். தெருவிளக்கு மனுவுக்கு, நெசவாளர் சொசைட்டி மகஜருக்கு என்று அந்த மாதத்தில் மூன்று பேர் ஏற்கெனவே வந்து போயிருந்தார்கள். அவர் தலையைத் தூக்காமலே, "எல்லாக் கையெழுத்தும் அமாவாசைக்குத்தாம்மா. அப்ப வாங்க" என்றார். நிழல் விருட்டென்று போய்விட்டது.

சற்று நேரத்தில் உண்ணாமலை குடத்தோடு வந்தாள். இறக்கி வைத்துவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல நைனா" என்று சிரித்தாள். சாப்பாட்டுக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பச்சையப்பன் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். அந்த வாசலைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. வகுப்பு டீச்சர் ஜெபராணி தாழ்வாரத்துக்கு வந்தார். கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற மனுஷி. வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஊரின் அமாவாசைக் கணக்கெல்லாம் தெரியாது. கோபம் மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

"கும்புடறேன் டீச்சரம்மா. உண்ணாமலையோட நைனா. பரீட்சைக்குக் கையெழுத்து போட வந்தேன்."

"அது வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடுச்சுங்க. கட்டு கட்டி வேலூருக்கு அனுப்பியாச்சு."

பச்சையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு வருஷம் போச்சு. பெண் வீட்டில் உட்கார்ந்தால் நாளைக்கே மாப்பிள்ளையோடு வந்து நிற்கச் சொந்தத்தில் ஆள் இருக்கிறது. அப்புறம் எங்கே படிப்பு?

"வெள்ளிக்கிழமை நானே படிவத்தை எடுத்துகினு உங்க வீட்டுக்கு வந்தேன்" என்றார் டீச்சர். "அமாவாசைக்கு வரச் சொன்னீங்க."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "அது நீங்களா? என்னை செருப்பால அடிங்க டீச்சரம்மா. எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. எதுனா வழி இருந்தா..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் டீச்சரின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "அழாதீங்க. அவ பேரு போயிடுச்சு."

"எப்படிம்மா?"

"கடுப்புலதான் திரும்பினேன். உங்க பொண்ணு குடத்தோட எதிர்ல வந்தா. 'எங்க நைனா போட்டாரா டீச்சர்?'னு கேட்டா. அந்த மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போட்டாருன்னுட்டேன்." டீச்சர் உள்ளே போய்ப் படிவத்தின் நகலைக் கொண்டுவந்து நீட்டினார். "அவளுக்கு இது தெரிய வேணாங்க."

பச்சையப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். பெண்ணின் பெயர் இருந்தது. பிறந்த தேதி இருந்தது. காப்பாளர் கையெழுத்து: ஜெபராணி. மாணவிக்கு என்ன உறவு: அத்தை.

அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அந்த ஒரு சொல்லை இரண்டு தரம் படித்தார். விசாரணை என்று யாராவது கிளம்பினால் இந்த அம்மாளின் வேலைக்கே வேட்டு என்பதும் புரிந்தது.

மணி அடித்தது. உண்ணாமலை வெளியே ஓடிவந்தாள். "நைனா! நீ ஏன் வந்த? அன்னிக்கே எனக்காகத் தறிய நிறுத்திட்டுக் கையெழுத்து போட்டியே. இன்னிக்கு வேற வரணுமா?" முகமெல்லாம் பெருமை.

டீச்சர் கண்ணைக் காட்டினார். சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

"நான் போடலடா கண்ணு" என்றார் பச்சையப்பன். "நான் தலையக் கூடத் தூக்கல. உங்க அத்தைதான் போட்டாங்க."