மாரினனின் அப்பா வாசித்த ஜிக்

அந்த ஜிக், கல்யாணங்களில் ஆட வாசிக்கிற துள்ளல் மெட்டு, என் மனைவி டீலியா போட்டது. அவளைத் தவிர இது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அந்த வருஷம் ஜூலையில் ஒன்பது நாள் விடாத மழை. அறுத்துப் போட்ட புல் வயலிலேயே அழுகிக்கொண்டிருந்தது. நான் சன்னலோரம் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அவள் ஃபிடிலை எடுத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து இந்த மெட்டைப் போட்டு முடித்தாள். எனக்குக் கோபமான கோபம். ஆனால் கால் என் பேச்சைக் கேட்காமல் தாளம் போட்டது.

அதற்கு முன்பும் ஏழெட்டு போட்டிருக்கிறாள். ஒன்றைக்கூட யாரும் எடுத்து வாசித்ததில்லை. அயர்லாந்தில் எங்கள் கிளேர் பக்கத்தில் "நானே போட்டது" என்று சொன்னால் போச்சு. மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நூறு வருஷமாவது ஆன மெட்டுக்குத்தான் மதிப்பு. அதனால் இந்தத் தடவை ஹெகிர் மதுக்கடையில் வாசித்துவிட்டு, கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"பழசுதான். எங்க கேட்டேன்னு ஞாபகம் இல்ல."

மூலையில் இருந்த சோனி மாரினன் கோப்பையைக் கீழே வைத்தார். ஊர் ஃபிடில்காரர்களில் மூத்தவர். நாலு வயதில் அப்பாவைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

"இன்னொரு தடவ வாசி பொண்ணே," என்றார்.

வாசித்தாள். சோனி கண்ணை மூடிக் கேட்டார்.

"இது எங்க அப்பா வாசிச்சது. என்ன மடியில வெச்சுக்கிட்டு வாசிப்பாரு."

அவ்வளவுதான். அடுத்த கோடைக்குள் ஒவ்வொரு கல்யாணத்திலும் அதற்குத்தான் ஆடினார்கள். டீலியாவின் மெட்டு ஒன்று முதல் முறையாக ஊர் பூராவும் பரவியது, கிழவரின் அப்பா பெயரில். எனக்கு வயிறெரிந்தது.

அப்போதுதான் டப்ளினிலிருந்து வானொலிக்காரர் ஒருவர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தார். ஞாயிறு பூசை முடிந்து கடை நிரம்பியிருந்தது. சோனி அதை வாசித்தார், அப்பாவின் கதையையும் சொன்னார். நன்றாகத்தான் வாசித்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் டீலியாவை முழங்கையால் இடித்தேன்.

"இப்ப சொல்லு. விட்டா நாடு பூரா அவங்க அப்பன் பேருதான்."

"சும்மா இரு மார்ட்டின்."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டேன். வானொலிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த மெட்டப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சோனி எங்களையே பார்த்தார். கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்கிற பயம் அந்த முகத்தில் இருந்தது.

டீலியா என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்தாள்.

"எனக்குத் தெரியும். சோனியோட அப்பா வாசிச்சதுதான். எங்கம்மா சின்ன வயசுல கேட்டிருக்காங்க. ரெண்டாவது பாதிய அவர மாதிரி யாராலயும் வாசிக்க முடியாதாம்."

சோனி தலையைக் குனிந்துகொண்டார். ஃபிடிலின் மேல் கண்ணீர் சொட்டியது.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் பொருமித் தள்ளினேன்.

"இருந்தது ஒண்ணு. அதையும் தூக்கிக் குடுத்துட்டியே, பைத்தியமே!"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றாள். அவளுக்கும் வலிக்காமல் இல்லை, கண் சிவந்திருந்தது.

"நான் இன்னொரு ஜிக் போட்டுக்குவேன், மார்ட்டின். அவரு இன்னொரு அப்பாவுக்கு எங்க போவாரு?"