குழாயில் மிச்சம் இருந்த தண்ணீர்

ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் பிளம்பருக்குத் தன் காதை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாது. வெட்கம் வந்துவிட்டால் போச்சு. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவதுகூட இல்லை, வாங்கவே மாட்டான்.

இரண்டாவது பிரசவத்தில் அவன் மனைவி செத்துப் பிழைத்தாள். இன்னொன்று தங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் பட்டது போதும், கருத்தடை ஆபரேஷனை நானே செய்துகொள்கிறேன் என்று போய்ப் படுத்தான் அவன். அந்த மட்டில் ஆளைப் பாராட்டத்தான் வேண்டும். முடிந்ததும், எதெது கூடாது, எப்போது கூடலாம் என்று சொல்ல வந்த நர்ஸைப் பார்த்துத்தான் அவனுக்கு உயிரே போயிற்று. அந்த அம்மாள் வீட்டு சிங்க்கை மாட்டிக் கொடுத்தவனே இவன்தான்.

"தெரியும் சிஸ்டர், எல்லாம் தெரியும்" என்று தலையைத் தலையை ஆட்டிவிட்டுக் காலை அகட்டி அகட்டி வெளியே வந்தான். வாசலில் மனைவி காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் முடிஞ்சுதுன்னாங்க."

வீக்கம் வடியும்வரை துணியில் ஐஸைச் சுற்றி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். கூட வேலை செய்பவர்களிடம் ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாகப் புளுகினான். வலி போய்ப் புண்ணும் ஆறிய பிறகு, அலமாரியில் இருந்த ஆணுறைப் பெட்டியை அவளே எடுத்துக் குப்பையில் போட்டாள். பயமில்லாமல் அவன் பக்கத்தில் வந்து படுத்தாள். நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிக்க வரும் என்பதே இத்தனை வருஷம் கழித்து அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒன்றரை மாதம் போயிருக்கும். நர்ஸ் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. அடியில் இருந்த மர அலமாரிக்குள் மல்லாந்து, தோள் இரண்டும் சிக்கிக்கொள்ள, வளைகுழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, டெஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் உறை போட்டுக்கறீங்கல்ல?"

"எதுக்கு சிஸ்டர்? அதான் அடைச்சாச்சே?"

"அடைச்சது சரி, முன்னாடியே உள்ள போய் நிக்கிற உயிரணு என்ன ஆகும்? அது காலியாக மூணு மாசமாவது ஆகும். டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தாதான் நம்பலாம். அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே அம்மாளிடம் அவன் சொல்லியிருந்தான்: "மெயின் வால்வை மூடிட்டேன் சிஸ்டர். லைன்ல நிக்கிற தண்ணி கொஞ்சம் வரும், பயப்படாதீங்க." போகிற வீட்டிலெல்லாம் சொல்வதுதான். எழுந்து ஓடப் பார்த்தான், நெற்றி குழாயில் இடித்தது. அந்தப் பொந்துக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

அரைகுறையாக வேலையை முடித்து வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தன. மனைவி வாசற்படியை ஒட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் சிரித்துக்கொண்டே. "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. முன்னெல்லாம்னா இந்நேரம் பாதி செத்திருப்பேன். இப்ப பாருங்க, ராணி மாதிரி உக்காந்திருக்கேன்."

சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாமல் விட்டால் அவளே போய்விடலாம். எலிப்பொறிக்காவது ஒரு கதவு உண்டு, இதற்கு அதுவும் இல்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"அன்னிக்கு வாசல்ல கேட்டேனே, என்ன சொன்னாங்கன்னு."

"நான் காதுலயே வாங்கல. கூச்சமா இருந்துச்சு."

"கூச்சமா இருந்துச்சு" என்று அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. சட்டையை மடித்து முடித்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. டாக்டர் சொல்றதை நான் கேட்டுக்கறேன். நீங்க வாசல்ல இருங்க."