மெட்டில்டாவை ருசி பார்த்த ஒயின்

கம்பத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற அந்தத் திராட்சைத் தோட்டத்தில் ஒயின்தான் ஆட்களை ருசி பார்க்கும். ஆட்கள் ஒயினை ருசி பார்ப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து மாதம் ஒரு வேன் போகிறது. விடியுமுன் ஏற்றிக்கொண்டு போய், தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ருசி பார்க்கவிட்டு, மத்தியானம் சாப்பாடு போட்டு, ராத்திரிக்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். போனவர்கள் எல்லாரும் தங்கள் ருசி என்னவென்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெண் பார்க்கப் போகிற இடத்தில் நகை பேசுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள்.

மெட்டில்டாவுக்கு அங்கே போகவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் ருசி என்ன என்பது தெருவுக்கே தெரியும். கிறிஸ்மஸுக்கு அவள் போடுகிற ஒயினுக்காக மேலத்தெரு, கீழத்தெரு இரண்டும் காத்திருக்கும். பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு, ஒரு பிடி கோதுமையும் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கமாட்டாள். தண்ணீர் ஊற்றுகிறவள் கஞ்சி வைக்கட்டும், ஒயின் எதற்கு என்று கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது.

எல்லாம் அவள் ஓரகத்தி ஸ்டெல்லாவால் வந்தது. ஸ்டெல்லா போன மாத வேனில் போய்விட்டு வந்தாள். 'பின்ருசி நெடுநேரம் நிற்கிறது' என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து கோயில் படிக்கட்டில், மீன் வாங்குகிற இடத்தில், சாவு வீட்டில்கூட அவள் பின்ருசியைப் பற்றித்தான் பேச்சு. ஸ்டெல்லா யார்? புளி வாங்க மறந்துவிட்டுப் புளிக்குழம்பு வைக்கிறவள். அவளுக்கே பின்ருசி நிற்கிறது என்றால் மெட்டில்டாவுக்கு என்னதான் நிற்காது? வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். மெட்டில்டா அடுத்த வேனில் இரண்டு சீட்டுப் பிடித்தாள். ஒன்று தனக்கு, இன்னொன்று புருஷன் லாசருக்கு. லாசரை யாரும் ருசி பார்க்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தனியாகப் போனால் நன்றாக இருக்காதே என்றுதான்.

லாசர் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையரானவர். யார் எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்பார். கிளம்பலாம் என்றாள், அப்படியா என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

வேனில் வழிகாட்டியாக வந்த பெண் இம்மாகுலேட். மதுரை தாண்டியதும் எல்லாரையும் பவுடரைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். நாலாம் தொட்டியில் இருக்கிற பழைய சிவப்பு ஒயினை அங்கே எல்லாரும் 'ஐயா' என்றுதான் சொல்வார்களாம். ஐயாவுக்குப் பவுடர் வாசனை ஆகாதாம். மெட்டில்டா கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இந்த மரியாதையெல்லாம் செய்துவிட்டுத்தான் போனாள் என்பதை மறந்துவிடக் கூடாது.

தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பிப் பந்தல் போட்டு, அதன்மேல் கொடி ஓடியிருந்தது. தலைக்கு மேலே பன்னீர்த் திராட்சை கொத்துக்கொத்தாகத் தொங்கியது. பறிக்கக் கூடாது என்றாள் இம்மாகுலேட். யாரும் பறிக்கவில்லை. பிறகு ருசி பார்க்கிற கொட்டகைக்குள் கூட்டிப்போனாள்.

முறை இதுதான். முதலில் ஆளை நிற்கவைத்து வாசனை கிளம்புகிற மாதிரி மெல்லச் சுற்றிவிடுவார்கள். ஐயா மோந்து பார்க்கும். அப்புறம் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கவேண்டும். ஐயா ஆளை வாயில் வைத்துக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, கீழே பரப்பியிருக்கிற வைக்கோலில் துப்பிவிடும். விழுங்குவதில்லை. நாள் முழுக்க ருசி பார்க்கிறவர்கள் விழுங்கமாட்டார்கள். துப்பிய பிறகு அபிப்பிராயம் சொல்லும்.

முதலில் போனிபாஸ் வாத்தியார் இறங்கினார். சாக்பீஸ், லேசான மரத்தூள், முடிவில் நேர்மை என்றது ஐயா. வாத்தியார் வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு சந்தோஷமாக எழுந்தார். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி இறங்கினாள். பச்சை மாங்காய், மழைக்கு முந்திய காற்று என்றது. அவள் புருஷன் கைதட்டினான். அடுத்தது மெட்டில்டா.

நீலப் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். உள்ளே இருட்டாகவும் இதமாகவும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஜாடி இருக்கிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்து முடிக்குமுன் வைக்கோலில் கிடந்தாள். வாத்தியாரைக்கூட இதைவிட அதிக நேரம் வாயில் வைத்திருந்தது.

"பரவாயில்லை," என்றது ஐயா. "தண்ணீர் கலந்திருக்கிறது."

யாரிடம் சொல்கிறது பாருங்கள். வேன் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. மெட்டில்டாவுக்குக் காது சிவந்துவிட்டது. எழுந்து, வைக்கோலைக்கூடத் தட்டாமல், தொட்டியைப் பார்த்து நின்றாள். இம்மாகுலேட் வந்து மெதுவாக நகர்த்தினாள். சிலருக்கு அப்படி வருவதுண்டு, மத்தியானச் சாப்பாட்டில் பாயசம் இருக்கிறது என்றாள். பாயசமாம்! மெட்டில்டா அந்தப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் பாயசம் திரிந்திருக்கும்.

அதற்குள் லாசர் இறங்கிவிட்டார்.

நேரம் போனது. ஐயா துப்பவில்லை. போனிபாஸ் வாத்தியார் ஒரு கொட்டாவி விட்டார். உள்ளே லாசரை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் துப்பாமல், ஏணிப்பக்கமாக மெல்ல இறக்கிவிட்டது. வேலையாட்கள் இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள்.

"கிராம்பு," என்றது ஐயா. குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "சுக்கு. ஆழத்தில் ஒரு பொறுமை. அதற்கும் கீழே, மூடிவைத்துப் பதமான கோபம் ஒன்று. இவரை வைத்திருந்தால் இன்னும் நன்றாக வருவார்."

அப்படிச் சொல்லிவிட்டால் வைத்துவிடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம். லாசருக்குப் புது வேட்டி கட்டிவிட்டு, நிலவறைக்குக் கொண்டுபோய், ஒரு மரப்பீப்பாயில் படுக்கவைத்துவிட்டார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று மெட்டில்டா கேட்டாள். அது ஆளைப் பொறுத்தது என்றாள் இம்மாகுலேட். திரும்பும்போது பக்கத்து சீட்டு காலியாக இருக்கும், கைப்பையை அதிலே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

மத்தியானச் சாப்பாடு மெட்டில்டாவுக்கு இறங்கவில்லை. எல்லாரும் அவளிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். உங்க வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர் என்றார் வாத்தியார். இலையை மூடிவிட்டு எழுந்தவள் நேரே நிலவறைப் படியில் இறங்கினாள்.

லாசர் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அத்தனை வருஷம் துறைமுகத்தில் உழைத்தும் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத மனிதர் அவர். அதற்காக?

"மெட்டில்டா, நான் வச்சா நல்லா வருவேனாம்," என்றார். "நீ போய்ட்டு வா."

போய்ட்டு வா! கோயிலுக்குப் போகிறவளிடம் சொல்கிற மாதிரி! வீட்டில் தண்ணீர்க்குடம் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர், பீப்பாய்க்குள் ராசா மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்கிறார். மெட்டில்டா பேசவேண்டிய இடம் அதுவல்ல. படியேறிக் கொட்டகைக்கு வந்து நாலாம் தொட்டியைக் கை முட்டியால் தட்டினாள்.

"அந்தக் கிராம்பு யாருது?"

ஐயா மதியத் தூக்கத்தில் இருந்தது. என்ன கிராம்பு என்று கேட்டது.

மெட்டில்டா பூசி மெழுகாமல் சொன்னாள். லாசருக்குப் பல்வலி வந்த ராத்திரிகளில் கிராம்பு நசுக்கி வைத்தது அவள். கப்பல் வந்த நாட்களில் நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவருக்குச் சுக்குக் காப்பி போட்டது அவள். வருவாரா மாட்டாரா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். லாசர் எதற்கும் காத்திருந்ததே கிடையாது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே போய்விடுவார்.

"கோபம்னு சொன்னீங்களே, இவிய கோபப்பட்டு யார் பாத்தா? அது நான் மூடி போட்டு வச்ச கோபம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட உள்ளத எடுத்து எடுத்து இவியளுக்குள்ள ஊத்திக்கிட்டே வாரேன். எனக்குள்ள தண்ணி நிக்காம வேற என்ன நிக்கும்?"

சொல்லி முடித்ததும் சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அழுகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அதே தலைப்பால் தொட்டியில் தன் கைபட்ட இடத்தைத் துடைத்தாள்.

ஐயா சொன்னது: "சரிதான். அவரிடம் எனக்குப் பிடித்தது நீங்கள்தான்."

அது நேர்மையான ஒயின். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. உடனே ஆளனுப்பி, லாசருக்குப் பக்கத்திலேயே இன்னும் நல்ல பீப்பாய் ஒன்றை அவளுக்கு ஒதுக்கச் சொன்னது. ஓரத்து இடம், காற்றும் வருமாம். மெட்டில்டாவுக்கு அதைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது.

"எனக்குப் பீப்பாய் வேண்டாம். என்னோடது எனக்கு வேணும்."

ஐயா மறுக்கவில்லை. ஆனால் லாசரை வடிகட்டித்தான் அதைப் பிரிக்கவேண்டும், வடிகட்டுகிற இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது என்று தோட்டத்து மேஸ்திரி சொன்னார். இயந்திரம் யார் கேட்டார்கள் என்றாள் மெட்டில்டா. நிலவறைக்குப் போய் லாசரின் புது வேட்டியையே உருவி வந்து, இரண்டாக மடித்து, ஒரு எவர்சில்வர் அண்டாவின் வாயில் இழுத்துக் கட்டினாள். வேலையாட்கள் லாசரைத் துண்டு கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, அண்டாவின் மேல் சாய்த்து ஊற்றினார்கள். அவசரப்படாதிங்க, மண்டி கலங்கிரும் என்று அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கருஞ்சிவப்பாக ஒரே தாரையாக இறங்கியது. கொட்டகை முழுக்கக் கிராம்பு மணத்தது. கடைசியில் துணிமேல் லாசர் மட்டும் தங்கினார்.

துணியை அவள் பிழியவில்லை. பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். வீட்டிலும் அவள் பிழிவதில்லை.

அண்டாவில் இறங்கியதைத் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி மூடினாள். மிச்சமிருந்த லாசரை ஐயா ஒரு தடவை வாயில் போட்டுப் பார்த்தது. போட்ட வேகத்தில் வைக்கோலில் துப்பிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கி வாய் கொப்பளித்தது. அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. லாசர் எழுந்து சட்டையைத் தேடினார்.

வேன் கிளம்பியது. பக்கத்து சீட்டில் லாசர் உட்கார்ந்தார். இப்போது அவர் மிகவும் லேசாக இருந்தார். தேனியைத் தாண்டி வேன் வேகமெடுத்தபோது ஜன்னல் காற்றில் சீட்டைவிட்டு மெல்ல எழும்பினார். மெட்டில்டா ஜன்னலை மூடவில்லை. அவளுக்குப் புழுக்கமாக இருந்தது. கைப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அடங்கி உட்கார்ந்தார்.

வீட்டு வழக்கப்படி கிறிஸ்மஸ் பூசை முடிகிற வரைக்கும் பாட்டிலைத் திறக்கக் கூடாது. மெட்டில்டா வேனிலேயே திறந்தாள். முதல் மடக்கை வாயில் வைத்துப் புரட்டினாள். கிராம்பு இருந்தது, சுக்கு இருந்தது. ஜன்னல் கம்பியின் துருகூட லேசாகத் தெரிந்தது. அடியில் அந்தக் கோபம், நன்றாகப் பதமாகி, தொண்டையில் சூடாக இறங்கியது. அவள் துப்பவில்லை. அத்தனையையும் விழுங்கினாள்.

"எனக்குக் கொஞ்சம்?" என்று கேட்டார் லாசர்.

"இந்த வருஷம் உங்களுக்கு வேண்டியத நீங்களே போடுங்க. ஜாடி கட்டிலுக்கு அடியில இருக்கு."

"அப்படியா," என்றார் லாசர். கோதுமை எவ்வளவு போடவேண்டும் என்று கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். ஒரு பிடி என்றாள். யாருடைய கைக்கு ஒரு பிடி என்று கேட்டார். அவருடைய கைக்குத்தான் என்றாள். அவர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆண்டிப்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. பாட்டில் காலியாகியிருந்தது. மெட்டில்டா இறங்கும்போது வேன் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பின்னால் லாசர் காற்றில் அசைந்தபடி இறங்கினார். அவள் தன் பாட்டுக்குப் போய் ஒரு டீ சொன்னாள். மாஸ்டர் ஆற்றி, கண்ணாடி கிளாசில் ஊற்றி, பலகையில் வைத்தார். அவள் கிளாசை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள்.

கிளாசிலிருந்த டீ லேசாக எழும்பி, மெட்டில்டாவை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தது.

"ஸ்ட்ராங்," என்றது.

மாஸ்டர் அடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மெட்டில்டா கிளாசைப் பலகையில் வைத்துவிட்டு, லாசரை நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள்.