ஓரகத்திக்குப் போட்ட மார்க்

என் ஓரகத்திக்குப் போன வருடம் நூற்றுக்கு நூறு மார்க் போட்டது நான்தான். போட்ட கையை அதற்கப்புறம் பல நாள் நொந்துகொண்டேன்.

நான் வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குப் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, மழை பெய்தால் வாளி வைக்க வேண்டிய ஒரு மூலை, தாளைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை மாநிலச் சட்டமன்றமே எங்களைக் கண்டு கொஞ்சம் பயப்படும். அந்த வருடத்து வாக்கெடுப்புகளில் காடு, ஆறு, கடற்கரை சம்பந்தப்பட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்து, யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு உறுப்பினருக்கும் மார்க் போட்டு வெளியிடுவோம். குறைவாக வாங்கியவர்கள் எங்களைத் திட்டுவார்கள். நிறைய வாங்கியவர்கள் போஸ்டர் அடிப்பார்கள்.

ஓரகத்தி போஸ்டர் அடித்தாள். 'இயற்கைக்கு நூற்றுக்கு நூறு' என்று, அவள் சிரிக்கிற படத்தோடு எங்கள் வீட்டு வாசல் கேட்டிலேயே கட்டிவிட்டார்கள். தினமும் அந்தப் பல்வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அவளுக்குக் கார் வரும்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குச் சதுப்புக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாது. ஊருக்குத் தெற்கே இருக்கும் சதுப்பு நிலத்துக்கு அவளை முதன்முதலில் கூட்டிப் போனதே நான்தான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதற்கு அழாத குறை. அந்தச் சதுப்புக்காக நான் பன்னிரண்டு வருடமாக நாயாய் அலைகிறேன். ராத்திரியில் மண் கொட்ட வந்த லாரிகளை மறித்திருக்கிறேன், மிரட்டல் வாங்கியிருக்கிறேன், ஏறாத ஆபீஸ் படியில்லை. அவள் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், முதல் பேச்சிலேயே, "சதுப்பை மூடினால் மழை நம் வீட்டுக்குள் வந்து உட்காரும்" என்றாள். அவையே கை தட்டியதாம். அது என் வாக்கியம். எங்கள் துண்டுப் பிரசுரத்தில் நான் எழுதி, ஒருத்தரும் படிக்காமல் கடைக்காரர்கள் பொட்டலம் கட்டிய வாக்கியம். என் புருஷன் அந்தச் செய்தியைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். "நம்ம வீட்டுப் பொண்ணு என்னமா பேசியிருக்கா பாரு," என்று என்னிடமே வாசித்தும் காட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

இந்த வருடம் சதுப்பு நிலப் பாதுகாப்பு மசோதா அவைக்கு வந்தது. அது சட்டமானால் மாநிலத்தில் எந்தச் சதுப்பிலும் மண் கொட்ட முடியாது. ஆகாவிட்டால் எங்கள் தெற்குச் சதுப்பு அடுத்த மழைக்காலத்தைப் பார்க்காது. மசோதாவின் முதல் வரைவை எழுதியது எங்கள் அலுவலகம், அதாவது நான். அவையில் கொண்டுவந்தது ஓரகத்தி.

வாக்கெடுப்பு அன்று ஆள் போதவில்லை. சத்தியம் பண்ணாத குறையாக உறுதி சொன்ன சிலர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். ஒரு முறை தோற்ற மசோதாவை அடுத்த தேர்தல்வரை திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அவை விதி. ஓரகத்தி எழுந்து, மசோதாவை ஆய்வுக் குழுவுக்கே திருப்பி அனுப்பலாம் என்று தானே தீர்மானம் கொண்டுவந்து, கட்டட முதலாளிகளின் ஆட்களோடு சேர்ந்து கை தூக்கினாள். தொல்லை விட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். மசோதா சாகாமல் தப்பியது. அவள் செய்தது சரி. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது அப்போதே தெரியும்.

தெரிந்தேதான் மார்க் போடும் கூட்டத்தில் அதைக் கிளப்பினேன்.

"அதைக் கணக்குல சேர்க்க வேணாம்மா. மசோதாவைக் காப்பாத்தத்தானே அப்படிச் செஞ்சாங்க," என்றார் எங்கள் அமைப்பின் செயலாளர். ஓய்வுபெற்ற வக்கீல், யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர்.

"தள்ளிப்போட ஓட்டுப் போட்டா எதிர்த்து ஓட்டுப் போட்டதாத்தானே சார் எடுத்துக்குவோம்? காட்டுச் சாலை விஷயத்துல மத்தவங்களுக்கு அப்படித்தானே குறைச்சோம்? ஆளுக்கொரு நியாயமா?"

"அவங்க உங்க வீட்டு ஆளு."

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கு ஊர் என்னைத்தானே கேட்கும்?"

கணக்கு பார்க்கும் பெண் கண் கலங்க என்னைப் பார்த்தாள். இப்படியும் ஒரு நேர்மையா என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கிடைத்த மரியாதையைக் கையோடு பயன்படுத்திக்கொண்டு, ஆற்று மணல் வாக்கெடுப்புக்கு அவள் வராததையும் எடுத்துப் போட்டேன். வராதவர்களுக்குப் பூஜ்யம் என்பது எங்கள் விதி. அன்றைக்கு அவள் எங்கள் அத்தையின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். மூத்த மருமகள் என்ற முறையில் நான் போயிருக்க வேண்டியது. வேலை இருக்கிறது என்று கையை விரித்துவிட்டேன். இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நூறு வாங்கியவள் ஐம்பத்தெட்டுக்கு இறங்கினாள். பத்திரிகைகள் விடுமா? இரண்டு மார்க்கையும் அவள் படத்துக்கு இரண்டு பக்கமும் போட்டுக் கொண்டாடிவிட்டன. அன்று காலை அவளே கத்தரிக்கோலோடு வந்து கேட்டில் இருந்த போஸ்டரை இறக்கினாள். நான் மாடியில் நின்று பார்த்தேன். டீ அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது, இன்னொரு கப்பும் குடித்தேன்.

"கூடப் பொறந்தவ மாதிரி பழகுறா. அவளுக்குப் போய் இப்படிச் செய்வியா?" என்று கேட்டுவிட்டு அத்தை என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கொழுந்தன் என்னைக் கண்டால் செல்போனுக்குள் புகுந்துகொண்டான். ஓரகத்தி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் வழக்கம்போல, "சாப்டீங்களாக்கா?" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. சண்டைக்கு வருவாள் என்று நான் விதியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகப் போனது.

அடுத்த மாதமே ஆய்வுக் குழுவின் தலைவர் மந்திரியாகிவிட்டார். நாற்காலி காலி. எங்கள் மசோதா அந்தக் குழுவின் மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. தலைவர் நினைத்தால் அதை எழுப்பலாம், இல்லையென்றால் தூக்கத்திலேயே கதையை முடித்துவிடலாம். குழுவில் பாதிக்கு மேல் கட்டட முதலாளிகளின் ஆட்கள். எங்கள் அமைப்புக்குச் செல்லப்பிள்ளையான யாரையும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட அண்டவிட மாட்டார்கள். அவர்களே ஏகமனதாக ஓரகத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"மரம் செடி கோஷ்டியே கைகழுவின ஆளு, நமக்குத் தொந்தரவு இருக்காதுன்னு பேசிக்கிட்டாங்களாம்," என்று செயலாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வயிற்றெரிச்சல் அவளுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறது. தனி அறையாம், கதவில் பெயர்ப் பலகையாம். கூடவே ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. என் மேல் இருக்கிற கோபத்தில் அவள் மசோதாவைக் கிடப்பில் போட்டுவிட்டால் சதுப்பு என்ன ஆகும்? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

அவள் போடவில்லை. போன மழையில் தண்ணீர் புகுந்த தொகுதிகளின் உறுப்பினர்களாகப் பார்த்து, ஒவ்வொருவராகப் பேசிக் கரைத்தாள். தலை எண்ணிக்கை சரியாக வந்த பிறகே மசோதாவை அவைக்கு அனுப்பினாள். எதிர்த்தவர்கள் விழித்துக்கொள்வதற்குள் நிறைவேறிவிட்டது. மாடத்தில் கணக்கு பார்க்கும் பெண் விசும்பி விசும்பி அழுதாள். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். பன்னிரண்டு வருடம் அலைந்தது இதற்குத்தானே. சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கீழே எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு கை குலுக்குவதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியிலேயே புளித்துவிட்டது.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓரகத்தியும் வாளியோடு வந்தாள். கொடியின் மறுமுனையில் நின்று அவள் பாட்டுக்கு உதறி உதறிப் போட்டாள்.

"அக்கா, உங்களுக்கு நான் ஒரு நன்றி சொல்லணும்."

"எனக்கெதுக்கு? நீதானே நிறைவேத்தின."

"நீங்க மார்க்கைக் குறைக்கலைன்னா அந்த நாற்காலி எனக்குக் கிடைச்சிருக்காது."

தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. நழுவவிட மனம் வரவில்லை. "அது வந்து... நானும் அதையெல்லாம் யோசிச்சுத்தான்..." என்று இழுத்தேன்.

அவள் சிரித்தாள். குத்தல் இல்லாத சிரிப்பு, அதனால்தான் தாங்க முடியவில்லை.

"விடுங்கக்கா. தலைவர் மந்திரியாகப் போறார்னு எனக்கு முன்னாடியே காத்துல வந்துச்சு. நூறு மார்க்கோட நின்னா என்னைக் கிட்டயே சேர்க்க மாட்டாங்க. உங்க ஆபீஸுக்கு வந்து குறைங்கன்னு கேட்கவும் முடியாது, வெளிய தெரிஞ்சா எல்லாம் போச்சு. அதனாலதான் திருப்பி அனுப்புற தீர்மானத்தை வேற யார்கிட்டயும் விடாம நானே கொண்டுவந்தேன். மணல் ஓட்டு அன்னைக்கு அத்தையோட நான் போறேன்னு நின்னதும் அதுக்குத்தான்."

பிழிந்த துண்டையே நான் மறுபடியும் பிழிந்தேன்.

"ஆனாலும் உள்ளுக்குள்ள உதறலாவே இருந்துச்சுக்கா. உங்க செயலாளர் தங்கமான மனுஷன். போனாப் போகுதுன்னு நூறே போட்டுட்டார்னா என்ன பண்றது? அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டேன். கூட்டத்துல அக்கா இருப்பாங்க, விடமாட்டாங்கன்னு."

சொல்லிவிட்டு மிச்சத் துணியையும் போட்டு முடித்து, காலி வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். கார் வந்து ஹாரன் அடித்தது.

நான் அங்கேயே நின்றேன். அவ்வளவு பெரிய காரியத்துக்கு அவள் என் வயிற்றெரிச்சலை நம்பியிருக்கிறாள். அதுவும் அவளைக் கைவிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இந்த யோசனை எனக்கு வராமல் இவளுக்கு எப்படி வந்தது என்ற ஆத்திரம்தான் வந்தது.