கம்பி வேலி

விடியுமுன்னே தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியாகிவிட்டது. விறைத்து நின்ற பட்டு இழைகளின் மேல் கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்துகொண்டே குனிந்தபடி நகர்ந்தாள் அபிதகுசாம்பாள். நிமிர்ந்தால் இடுப்பு விண்ணென்று தெறித்தது. பாவின் மறுபக்கம் அடுத்த வீட்டுக் கோமதி. இருவரும் பட்டு முதலாளி பரசுராமனுக்குக் கூலிக்கு நெய்பவர்கள். கொஞ்ச நாளாகப் பேச்சில்லை.

பாவு போட முன்பு தெருக்கோடி மைதானம் இருந்தது. காலையில் பாவு, மாலையில் பிள்ளைகளின் கோ-கோ. பட்டா தன் பேரில் இருப்பதாகச் சொல்லிப் பரசுராமன் கம்பி வேலி போட்டு, ஷட்டில் அகாடமி திறந்துவிட்டார். சேரப் பணம், மாதாமாதம் பணம், ஷூவும் மட்டையும் தனி. ரைஸ்மில்காரர் வீட்டுப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். நெசவாளர் பாவு ரோட்டுக்கு வந்தது. வண்டி உரசி அறுந்த இழைக்கெல்லாம் கூலியில் பிடித்தார்கள்.

ரோட்டில் ஓடக் கூடாதென்று அபிதகுசாம்பாள் தன் மகள் லாவண்யாவை வீட்டிலேயே உட்கார வைத்தாள். கோ-கோவில் மின்னலாய் ஓடியவள், மாலையானால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோமதியின் மகள் கீதாவை மட்டும் முதலாளி இலவசமாகச் சேர்த்துக்கொண்டார். அந்த வாரமே, கூலி உயர்வு கேட்டு எல்லோருக்கும் முன்னால் நின்ற கோமதியின் புருஷன் சந்திரமோகன் வாயை மூடிக்கொண்டான். கீதா வெள்ளை ஷூவில் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அபிதகுசாம்பாளுக்கு வயிறு எரிந்தது. அந்தக் குழந்தை தடுக்கி விழாதா என்றுகூட நினைத்தாள்.

ஒரு மாலை, நெய்த சேலையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வரும் வழியில் வேலியோரம் நின்றாள். உள்ளே பணம் கட்டிய பிள்ளைகள் ஆடின. கீதா கையில் மட்டை இல்லை. அவர்கள் அடித்து விழுந்த இறகுப் பந்துகளை ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அபிதகுசாம்பாளுக்கு வயிறு குளிர்ந்தது.

நேரே கோமதி வீட்டுக்குப் போனாள். "உன் பொண்ணு இன்னா கத்துக்கினு கீது தெரிமா? பந்து பொறுக்கினு கீது."

கோமதி தறியை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. என்னிக்காச்சும் மட்டைய குடுப்பாங்கன்னு அனுப்பினு கீறேன். உன் பொண்ணு வெளிய நிக்குது, என் பொண்ணு உள்ள நிக்குது. ரெண்டும் ஆடல."

அவள் கண்ணீர் மடியில் விழுந்தது. நெய்த பட்டில் பட்டுவிடாமல் அவள் ஒதுங்கிக்கொண்டதைப் பார்த்தபோது, அபிதகுசாம்பாளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த சந்திரமோகன் சுவரைப் பார்த்தபடி, தன் வாயை அடைக்கத்தான் பிள்ளைக்கு ஷூ கொடுத்தார்கள் என்று சொன்னான்.

மறுநாள் தெருவே முதலாளி வீட்டு வாசலில் நின்றது. மைதானம் காலையில் பாவுக்கும் மாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும், முன்பு கேட்ட கூலி உயர்வும் வேண்டும் என்று சந்திரமோகன் கேட்டான்.

பரசுராமன் சிரித்தார். "வெளயாட்டுன்னா இப்ப செலவுப்பா. வசதி இருக்கிறவன் புள்ள ஆடுது. உம் புள்ளைக்கு எடம் குடுத்தேனே, போதாதா?"

"இனிமே அது வராதுங்க," என்றாள் கோமதி.

"அப்ப பட்டும் வராது. நாளைக்கு எவன் வந்து என் வாசல்ல நிக்கிறான்னு பாக்குறேன்."

"யாரும் நிக்க மாட்டோம்ங்க," என்றாள் அபிதகுசாம்பாள். பின்னால் கோமதி அவள் முதுகில் கை வைத்தாள்.

அடுத்த நாள் பட்டு வாங்க யாரும் போகவில்லை. தறிச்சத்தம் இல்லாத தெரு விசித்திரமாக இருந்தது. எத்தனை நாள் தாங்கும், அடுப்பு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியவில்லை. மாலையில் ஆண்கள் தெருவின் இரு முனையிலும் சைக்கிள்களைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் காவல் நின்றார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கோ-கோ ஆரம்பித்தன.

கீதா வளைந்து பாய்ந்து லாவண்யாவைத் தொட்டுவிட்டாள். அபிதகுசாம்பாளுக்கு வயிறு லேசாக எரிந்தது. பக்கத்தில் நின்ற கோமதியின் தோளை இடித்தாள்.

"இரு, அடுத்த ஆட்டத்துல பாரு."