குப்புறக் கிடந்தவளுக்கு ஒரு நாவல்

நீச்சல் கற்றுக்கொடுப்பவளுக்குக் கண்ணில் ஓட்டை என்று டாக்டர் சொன்னபோது, அவள் கணவனுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. வலது கண்ணுக்குள்ளே, பார்வையின் நட்டநடுவில், ஊசி குத்தினாற்போல ஒரு துளை. 'மரம்' என்று எழுதிக் காட்டினால் முன்னால் ஒரு ம தெரிந்தது, பின்னால் ஒரு ம் தெரிந்தது, நடுவில் இருந்த எழுத்தின் இடத்தில் புகை. இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. இருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவள் அத்தனை புத்தகங்களையும் வாசித்துத் தள்ளியிருந்தாள்.

அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை நிரப்பி அனுப்பினார்கள். குமிழ் மிதந்துபோய் அந்தத் துளையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், பேசும்போதும். ஒரு வாரத்துக்கும் மேல்.

"மூடிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் மூடிடும்."

அந்தப் 'பெரும்பாலும்' காரில் ஏறி அவர்களோடு வீடு வரைக்கும் வந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கூடத்து ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் கார் டயர் டியூப் ஒன்றைப் பாதி காற்றடித்து, நடுவட்டம் மேசை விளிம்பைத் தாண்டி நிற்கும்படி கட்டி, துணி சுற்றி, அவள் நெற்றியும் கன்னமும் பதியும்படி வாகாகச் செய்துகொடுத்தான். அவள் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வை, வைன்னு மிரட்டினேன்ல. எனக்கு நல்லா வேணும்."

வெளியே இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. நாலரை மணிக்கே தெருவிளக்கு எரிந்தது. அவளுக்கோ நாள் முழுக்கத் தெரிந்ததெல்லாம் மங்கலான தரையும் தன் கால் விரல்களும்தான். அவளை உறுத்திய விஷயம் வேறு. பாதி வாசித்த நாவல் ஒன்று டேப்லெட்டில் காத்துக்கிடந்தது. ஒரு குடும்பம், உறைந்துபோன ஏரியின் மேல் தங்கள் மரவீட்டை அப்படியே சறுக்குவண்டியில் ஏற்றி, மாடு பூட்டி, அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அவள் விட்ட இடத்தில் வீடு ஏரியில் இறங்கி நூறு அடிகூடப் போயிருக்கவில்லை.

"அதுவே படிச்சுக் காட்டும்மா, ஒரு பட்டனைத் தட்டினா போதும்" என்றாள் மகள். கல்லூரியில் முதல் வருடம். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பட்டனைத் தட்டினாள்.

டேப்லெட் உணர்ச்சியில்லாத ஒரு குரலில் ஆரம்பித்தது. "போகாதீர்கள் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி என்று அவள் கத்தினாள் புள்ளி பக்கம் இருநூற்றுப் பதினொன்று பனி விரிசல்."

"ஐயோ, நிறுத்துடி!"

வாலு குரலை மாற்றினாள். புதுக்குரல் ஆச்சரியக்குறியை விட்டுவிட்டது, ஆனால் மூச்சே விடாமல் ஓடியது. வேகத்தைக் குறைத்தபோது குடித்துவிட்டு வந்தவன் போல இழுத்தது. அமைப்புகளுக்குள் போய் எதையோ தொட்டதும் புதுப்பிப்பு வேண்டும் என்றது. கொடுத்தார்கள். அறுபத்து நாலு சதவீதம் வரை போய் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டது. அணைத்துப் போட்டால் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லை மாற்றப் போனால், எப்போதோ தூக்கிப்போட்ட பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகப் பெருமையோடு சொன்னது.

"இருபது மாடிக் கட்டடத்துல நின்னுபோன லிஃப்டை ஓட்டிடுவேன். இதுக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்லையே, எதைத் திருப்புறது?" என்றான் கணவன்.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் அவன் நூலகத்துக்குள் நுழைந்தான். பள்ளிக்கூடத்தை விட்டபின் அவன் புத்தகம் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. மகளின் அட்டையைக் கொடுத்து, செங்கல் கனத்துக்கு இருந்த அதே நாவலை வாங்கிவந்து, மனைவிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்களா?" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"ஏன், எனக்கு எழுத்து தெரியாதா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் அவள் தோள் குலுங்கியது.

"என்னங்க, கதை படிக்கிறீங்களா, லிஃப்டுல மாட்டினவங்களுக்கு அறிவிப்பு கொடுக்கிறீங்களா?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே அவனுக்கு வாசிப்பதென்றால் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி வைப்பதுதான். ஆனால் இரண்டாம் நாள், மாடுகளை வீட்டோடு பிணைக்கிற கயிறு வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

"இது தாங்காது."

"எது?"

"கயிறுதான். இந்தக் கோணத்துல இழுத்தா பளு பூரா ஒரு பக்கம் போயிடும். இவன் ஏன் ரெண்டு முனையிலயும் கட்டல?"

"அவன்கிட்டயே கேளுங்க."

அவன் கேட்கத்தான் தொடங்கினான். அதன்பிறகு குரல் மாறிவிட்டது. வண்டி கரகரத்தபோது மெதுவானான். மாடு காலை ஊன்ற மறுத்தபோது அவன் குரலும் தயங்கியது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வாலு குழாயை மூடிவிட்டுக் கைத்துண்டோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

நிபந்தனை ஒன்றுதான். அவன் முன்கூட்டிப் படித்துவிட்டு வரக்கூடாது. சேர்ந்தே போக வேண்டும் என்றாள் மனைவி. அவனும் தலையாட்டினான். ஆனால் மறுநாள் மதியம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன், பையிலிருந்த புத்தகத்தையும் திறந்துவிட்டான். ஒரு பக்கம் மட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஏரியின் நடுவில் பனி பாட ஆரம்பித்தது. நீளமான, மெல்லிய ஓசை. தகப்பன் எல்லாரையும் இறங்கி ஓடச் சொன்னான். மாடுகள் மிரண்டன. விரிசல் வீட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்தது. மாடுகளைக் காப்பாற்றத் தகப்பன் கோடரியால் கயிற்றை வெட்டினான். பிள்ளைகளும் தாயும் திரும்பிப் பார்த்தார்கள். அவசரத்தில் யாரும் விளக்கை அணைத்திருக்கவில்லை. வீடு சாயாமல், சத்தமில்லாமல், நின்ற நிலையிலேயே தண்ணீருக்குள் இறங்கியது. கூரையும் மறைந்தது. அப்புறமும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு, பனிக்கு அடியில் அந்த ஜன்னல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்தான். டப்பாவில் சோறு ஆறிக் கிடந்தது. பக்கத்தில் பெரிய சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கீழே யாரோ ஏறுகிறார்கள், யாரோ இறங்குகிறார்கள். இத்தனை வருடம் கேட்டுப் பழகிய சத்தம் ஏதோ வேற்றூரிலிருந்து வருவதுபோல இருந்தது. அவன் பூட்ஸுக்குள் விரல்களை மடக்கிப் பார்த்தான். சில்லிட்டிருந்தன.

அன்று சாயங்காலம் அந்தப் பகுதியை ஒன்றும் தெரியாதவன் போல வாசிக்கப் பார்த்தான். கோடரி வரும் முன்பே அவன் குரல் உடைந்தது.

"முன்னாடியே படிச்சுட்டீங்க" என்றாள் மனைவி.

அவன் புத்தகத்தை மடியில் கவிழ்த்தான்.

"பரவாயில்லை. படிங்க."

அவன் அந்தப் பகுதியை வாசித்து முடித்தான். அவள் கண்ணீர் கன்னத்தில் இறங்க வழியில்லாமல் நேராகச் சொட்டித் தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் அவன் பதறினான்.

"ஏய், அழாத! குமிழ் கரைஞ்சிடப் போகுது!"

டியூபுக்குள்ளிருந்து அவள் சிரிக்க, வாலுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை விளக்குப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"வெறும் மை தானே இது?" என்றான். "தொட்டா காகிதம். ஆனா அந்த வீடு எறங்குனதை நான் பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். இத்தனை வருஷமா நீ இப்படித்தான் பார்த்துட்டு இருந்தியா?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே."

"எப்படிங்க சொல்றது அதை?"

அவன் அவளுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டுக்குள் இவ்வளவு காலமாக இவள் எத்தனை ஏரிகளைத் தாண்டியிருப்பாள் என்று நினைக்க அவனுக்கு மலைப்பாக இருந்தது.

தலையை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் அவளுக்கு எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. பிறகு குமிழ் சுருங்கச் சுருங்க, பார்வையின் மேற்பகுதியில் ஒரு தெளிவான பட்டை தோன்றியது. அதற்குக் கீழே குமிழின் விளிம்பு ஒரு கோடாகத் தளும்பிக்கொண்டே இருந்தது. கோடு தினம் கொஞ்சம் இறங்கியது. அது நடுவைத் தாண்டினால்தான் தெரியும், துளை மூடியதா இல்லையா என்று. அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் சுவரைப் பார்ப்பாள்.

கோடு பாதியைத் தாண்டிய சமயத்தில் ஓர் இரவு கடுங்குளிர் அடித்தது. விடிந்து வெயில் ஏறும்போது வாலு ஜன்னலருகிலிருந்து கத்தினாள்.

"அம்மா! அப்பா! ஓடி வாங்க!"

ஜன்னலை ஒட்டித் தெருவோரம் நின்ற பெரிய மரம் இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. காற்று துளியும் இல்லை. ஆனாலும் மஞ்சள் இலைகள் அத்தனையும், யாரோ சொல்லி வைத்தாற்போல, ஒரே நேரத்தில் கிளையை விட்டு இறங்கின. சரசரவென்று விடாத மழைச் சத்தம். தெருவில் ஒரு தபால்காரர் வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் பேருந்து வந்தும் ஏறவில்லை. ஓட்டுநரும் எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து மேலே பார்த்தார்.

வாலு போனை நீட்டினாள். சேமிக்க இடமில்லை என்றது. எதை அழிக்க என்று ஒருகணம் திரையைத் தேய்த்தவள், போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அம்மா இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"என்ன தெரியுது?" என்றான் கணவன்.

"மேல கிளை. தனித்தனியா தெரியுது. ஒவ்வொரு இலையும் கோடு வரைக்கும் வருது. அதுக்கப்புறம் கரைஞ்சு தங்கமா ஆயிடுது."

"நடுவுல? நடுவுல புகை இருக்கா?"

அவள் ஓர் இலையைத் தேர்ந்து, உச்சிக் கிளையிலிருந்து கண்ணாலேயே அதைப் பின்தொடர்ந்து இறங்கினாள்.

"காம்பு தெரியுதுங்க," என்றாள். "நரம்புகூட."

அவன் அவள் தோளைப் பற்றிக்கொண்டான். மரம் இன்னும் கொட்டிக்கொண்டே இருந்தது.